பாலாவித் தோட்டங்களில் செங்கொத்து ரோசா

புத்தளத்திற்குத் தெற்கே, கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியில், ரோசாச் செடி பட்டுப்போவதற்குப் பலரும் வெயிலையே காரணமாகக் கூறுவர். களப்பும் உப்பளங்களும் சூழ்ந்த இவ்வூரில் வெயிலினும் கொடியது உவராகும்.

நெல் உவரை ஓரளவே தாங்கும். ரோசா அதனினும் குறைவாகவே தாங்கும். கிணற்று நீரிற் பீற்றூட் நன்கு விளைவதைக் கொண்டு அந்நீர் ரோசாவுக்கும் ஏற்றதென முடிவு செய்யலாகாது. பீற்றூட் உவரைப் பொறுக்கும் பயிர். வெங்காயம் செழிக்கும் நீரே ரோசாவுக்கு உகந்தது. வெங்காயம் கருகும் நீரை நம்பி ரோசா நடுதல் வீண் செலவு.

ஒரு காம்பிற் பல பூக்களைக் கொத்தாகத் தரும் புளோரிபண்டா இனமே வீட்டுத் தோட்டத்திற்குச் சிறந்தது. டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தார் 1912 இல் வெளியிட்ட செந்நிற ‘ரோட்ஹேட்டா’ இவ்வினத்தின் முன்னோடி. 1946 இல் இங்கிலாந்திலிருந்து ‘பிரென்ஷாம்’, 1963 இல் ஒல்லாந்திலிருந்து ‘யூரோப்பியானா’ ஆகிய செந்நிற வகைகளும் வந்தன. எனினும் பெயரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அயலார் தோட்டத்தில் இரண்டு கோடையைத் தாண்டி நிற்கும் செடியிலிருந்து, பென்சிற் பருமனுள்ள முதிர்ந்த தண்டை 8 அங்குல நீளத்தில் வெட்டி, நிழலில் வேரூன்றச் செய்தலே மேலானது.

ஒக்டோபரில் மழை தொடங்கும்போது நடுக. ஒன்றரை அடிக் குழியில் உக்கிய சாணத்தையும் தும்புச்சோற்றையும் மணலுடன் கலந்திடுக. தும்புச்சோற்றிலும் உப்பு இருக்கக்கூடும். ஆதலால் நன்னீரில் அலசிய பின்னரே இடல் வேண்டும். பாத்தியைச் சற்று உயர்த்தினால் மாரிமழை உவரைக் கழுவிச் செல்லும். ஒட்டுக்கன்றாயின் ஒட்டுப்பகுதி மண்ணின்மேல் நிற்றல் அவசியம்.

கோடையில் நாள்தோறும் சிறிது தெளிப்பதால் உப்பு மேல்மண்ணிலே தங்கும். இடைவிட்டு, வேரின் கீழும் இறங்குமாறு ஊற்றுக. உவர்நீர் இலையிற் பட்டாற் கருகும். அடியிலேயே ஊற்றுதல் நன்று. சோளகக் காற்று வீசும் திசையிற் கிடுகு வேலி அடைத்தல் வேண்டும்.

இரசாயனப் பசளையை மிகுதியாக இடுதல் தகாது. மணலில் அது நில்லாது நிலத்தடி நீரையே சேரும். அண்மையிலுள்ள கற்பிட்டிப் பகுதியின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டதாகும். பூஞ்செடிக்கு இடும் பசளை குடிநீரைக் கெடுக்குமாயின் அப்பூவினாற் பயனென்ன? செடிக்கு ஒரு கைப்பிடி வீதம், மழைக்கால இடைவெளியில், இரண்டு முறையாகப் பிரித்திடுக.

வாடிய கொத்தை, ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்குச் சற்று மேலே வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். வரட்சியில் இலையடியிற் சிவப்புச் சிலந்தி தோன்றினால், சேமித்த மழைநீராற் கழுவுக.