காற்றில் கரைந்த பென்சீனைக் கார்பன் நானோகுழாய் பிடிப்பது எப்படி?

இந்தியக் காற்றுத்தரக் குறியளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இவ்வளவு சொற்பமான ஆவியை வாயு நிறப்பிரிகைக் கருவியில் நேரடியாகச் செலுத்தினால் அளப்பது கடினம். அதனால் முதலில் அதைச் சேர்த்துத் திரட்ட வேண்டும்.

நானோகுழாய் நிரப்பிய மெல்லிய எஃகுக் குழலின் வழியே பம்பு மூலம் 10 லிட்டர் காற்று இழுக்கப்படுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் நிற்காமல் கடந்துவிடும். பென்சீனோ ஒட்டிக்கொள்ளும். நானோகுழாயின் சுவர் முழுவதும் அறுகோணக் கார்பன் வளையங்கள்; பென்சீனும் அத்தகைய வளையமே. இரண்டின் எலக்ட்ரான் மேகங்களும் தட்டையாக அருகருகே படியும்போது ஈர்ப்பு வலுக்கிறது. டையாக்சின் போன்ற பல வளைய மூலக்கூறுகளை நானோகுழாய்கள் கிளர்வூட்டிய கரியைவிட வலுவாகப் பற்றுவதாக 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிடிப்பதைவிட விடுவிப்பதே முக்கியம். கரியின் குறுகிய நுண்துளைகளுக்குள் புகுந்த மூலக்கூறு வெளியேறத் தாமதமாகும். முனை மூடிய நானோகுழாயில் ஆவி பெரும்பாலும் வெளிப்பரப்பிலேயே தங்குவதால் சூடேற்றியதும் சட்டென்று கிளம்பிவிடும். எஃகுக் குழலில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால், 10 லிட்டரில் பரவியிருந்த பென்சீன் 1 மில்லிலிட்டர் வாயுவில் திரண்டு வரும். செறிவு பத்தாயிரம் மடங்கு. அதை நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால், வரைபடத்தில் ஊசிபோல் ஒரு முகடு எழும்.

மெத்தனால் போன்ற சிறிய, முனைவுள்ள மூலக்கூறுகளை நானோகுழாய் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவற்றுக்கு வேறு உறிஞ்சிகளே ஏற்றவை.