உபதேசியார் நடந்த வழி

டிக்கோயாவிலுள்ள வார்லி ஆலயம் 1878ஆம் ஆண்டில் துரைமாரால் எழுப்பப்பட்டது. கல்லால் அமைந்த அதன் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மலையகத் தமிழ்ச் சபையின் வரலாறு அதற்கும் முந்தியது. 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளர்க்கென மிஷன் தொடங்கப்பெற்றபோது, திருநெல்வேலிச் சபையினின்றும் உபதேசிமார் வந்தனர். தோட்டந்தோட்டமாக நடந்து, லயத்து வாசலிலேயே மக்களைச் சந்தித்தனர். அந்த ஊழியமே நம் சபைகளுக்கு வித்தாயிற்று.

இன்று நாம் எதற்கு முதலிடம் தருகிறோம்? ஆலயக் கூரைக்கும் பண்டிகைக்கும் நிதி திரட்டுகிறோம், நன்றே. ஆனால், வாலிபர் கொழும்புக்கும் தாய்மார் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றபின், பல லயத்தறைகளில் முதியோரும் சிறுவருமே எஞ்சியுள்ளனர். மலைச்சரிவில் ஏறி இறங்க இயலாத மூதாட்டிக்கு ஞாயிறு ஆராதனை எட்டாத தொலைவாகிவிட்டது.

வாரத்தில் ஒரு மாலை, ஒரு லயத்தைத் தெரிந்துகொள்வோம். ஒரு வேதபாகம் வாசித்து, ஜெபித்து, அவ்வீட்டார் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம். இதற்குப் பணம் வேண்டா. சபையார் இருவர் சேர்ந்தால் போதும். ஆவிக்குரிய புத்துயிரை நாடும் நாம், உபதேசியார் நடந்த அவ்வழியில் இந்த வாரமே நடக்கத் தொடங்குவோமாக.