பனாஷ்: தூவி பண்பான வரலாறு

ஆங்கிலத்தில் ‘பனாஷ்’ என்னும் சொல் இன்று, ஒரு செயலை எடுப்பும் துணிச்சலும் விளங்கச் செய்துமுடிக்கும் பாங்கினைச் சுட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அம்மொழியுள் நுழைந்தபோது இதற்கு இப்பொருள் இல்லை. தலைக்கவசத்திலோ தொப்பியிலோ செருகப்பட்ட தூவிக்கொத்தையே குறித்தது.

இறகு எனப் பொருள்படும் லத்தீன் ‘பென்னா’வின் வேறுவடிவம் ‘பின்னா’. இதனின்று குறுமை விகுதி பெற்றுப் பிற்கால லத்தீனில் ‘பின்னாகுலும்’ தோன்றியது. அது இத்தாலியத்தில் ‘பென்னாக்கியோ’ ஆகிப் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்தது. முகட்டைக் குறிக்கும் ‘பினக்கிள்’ என்பதும் இதன் உடன்பிறப்பே. (‘பென்’ என்பதும் பென்னாவின் வழியினது, ‘பென்சில்’ அவ்வாறன்று. அது வாலைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ஒலியொப்புமை இங்குப் பலரை மயக்கியுள்ளது.)

பொருள் மாற்றத்திற்குக் காரணம் ஒரு நாடகம். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1590இல் ஈவ்ரிப் போரில் தம் வெண்தூவியை நோக்கி அணிதிரளுமாறு வீரர்க்குக் கூறினார் என்பது மரபுச் செய்தி. எட்மண்ட் ரொஸ்தானின் ‘சிரானோ தெ பெர்ஷெராக்’ (1897) அம்மன்னரின் தூவியை நான்காம் அங்கத்தில் நினைவூட்டுகிறது. ஐந்தாம் அங்கத்தில் இறக்கும் தலைவனின் கடைசிச் சொல்லாகப் ‘பனாஷ்’ நிற்கிறது. அங்கே அது தொப்பித் தூவியும் ஆகும், அவன் கறைப்படுத்தாது காத்த பண்பும் ஆகும். பனாஷ் என்பது பெருமையன்று, பெருமையின்மேல் கூடுதலாக நின்று அசைவது என்று ரொஸ்தானே 1903இல் பிரெஞ்சுக் கழக உரையில் விளக்கினார்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இருவழிப்பட்டனர். 1898ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பொன்று சொல்லை அப்படியே வைத்தது. புதுப்பொருள் ஆங்கிலத்தில் வேரூன்ற இவ்வழியே துணையாயிற்று. பிரையன் ஹூக்கர் (1923) வெண்தூவி எனப் பெயர்த்தார். இதனால் நான்காம் அங்கத் தொடர்பு காக்கப்பட்டது, பண்பு மறைந்தது.

தமிழில் இதனைப் ‘பகட்டு’ எனல் பொருந்தாது; அதில் பழிப்பு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாடாகிய ‘பெருமிதம்’ தறுகண்மையை உள்ளடக்கினும், காண்போர்முன் விளங்கும் எடுப்பைத் தருவதில்லை. செய்தி உரைநடைக்கு ‘மிடுக்கு’ போதும். நாடகத்திற்கோ சூடும் பொருளும் பண்பும் ஒருங்கே தோன்றவேண்டும். ‘வாகை’ அவ்வாறு சூடும் பூவே வெற்றியைக் குறித்த சொல். எனினும் சிரானோ தோற்று மடிபவன். எனவே நான்காம் அங்கத்திலேயே ‘மிடுக்குத் தூவி’ எனப் பெயரிட்டு, இறுதியில் ‘என் மிடுக்கு’ என முடிப்பதே இழப்புக் குறைந்த வழி.