ஒரே தேதியில் இரண்டு கொடிகள்

போன வருடம் ஆகஸ்டு 15 அன்று, குர்கானில் எங்கள் குடியிருப்பில் கொடியேற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடிக் கொரியாக்காரர் வந்து, "எங்களுக்கும் இன்றைக்குத்தான் விடுதலை நாள்" என்றார். எனக்குச் சற்று வெட்கமாகப் போய்விட்டது. கொரியா என்றால் இருங்காட்டுக்கோட்டைக் கார் தொழிற்சாலைக்கு மேல் எனக்கு என்ன தெரியும்? அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

ஜப்பானின் பிடியிலிருந்து கொரியா விடுபட்டது 1945 ஆகஸ்டு 15-ல். மூன்றாண்டு கழித்து அதே தேதியில் தெற்கே குடியரசு அமைந்தது. அங்கே தேர்தல் நடத்துவதற்காக ஐ.நா. அனுப்பிய குழுவின் தலைவராக இருந்தவர் இந்தியரான கே.பி.எஸ். மேனன்.

1950-ல் போர் மூண்டது. நேருவின் அரசு சண்டைக்குப் படை அனுப்பவில்லை. 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் ஒரு தமிழர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கியபோது இவர்களுக்கு வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு வருவதுதான் வழி என்ற நிலைமை. மனிதர் ஒப்பவில்லை! ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, கைக்குக் கை வாளி மாற்றித் தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். பிறகு மூன்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, படைவீரர், ஊர்ஜனங்கள் என்று பாராமல் வைத்தியம் பார்த்தது அந்தப் பிரிவு. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

ஜனநாயக நாடுகளின் நட்பு என்று மேடையில் சொல்வது சுலபம். ஆனால் விடுதலை கிடைத்த தேதியும் ஜனநாயகம் நிலைத்த தேதியும் ஒன்றல்ல. கொரியர்கள் நெடுங்காலம் ராணுவத்தாரின் ஆட்சியில் இருந்து, 1987-ல் தெருவில் இறங்கித்தான் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். நாமும் 1975 முதல் 21 மாதம் நெருக்கடிநிலையைப் பார்த்தவர்கள்தானே. 2024 டிசம்பர் 3 இரவு அங்கே அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். உறுப்பினர்களில் சிலர் மதில் ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். 190 பேர் கூடி, விடிவதற்குள் அதை நீக்கும்படி ஒருமனதாக வாக்களித்தார்கள்.

தில்லி கன்டோன்மென்டில் 2021-ல் திறந்த இந்திய-கொரிய நட்புப் பூங்கா இருக்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகளை வருகிற ஆகஸ்டில் அங்கே அழைத்துப்போகலாம் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாடி நண்பரும் வருகிறாராம்.