தொலைமருத்துவமும் உழைச்செல்வானும்

நோயாளி ஓரிடத்தும் வைத்தியர் மற்றோரிடத்தும் இருக்க, இருவர்க்கும் இடையே தொலைபேசியோ காணொளியோ நின்று நடத்தும் வைத்தியத்தை இக்காலத்தார் தொலைமருத்துவம் என்று வழங்குகின்றனர். இதனாற் பெரும்பயன் உண்டென்பாரும், வெறும் யந்திர மோகமே இது என்பாரும் நம்மிடையே உளர். இரு திறத்தாரும் வைத்தியரையும் யந்திரத்தையும் பற்றியே பேசுகின்றனர். திருவள்ளுவரோ, மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் கூறினார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டும் உழைச்செல்வான் என்பன அவை. மருத்துவன் தொலைவிற் சென்றுவிட்ட இடத்து அருகில் நிற்பவர் யார்? தமிழ் பயிலும் நாம் இவ்வினாவைக் கையிற்கொண்டு இப்புதிய முறையை நோக்குவோம்.

முறை புதிதென்றோம், கணிப்பொறியோடு பிறந்தது என்று கொள்ளற்க. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஆடு மாடு வளர்த்து வாழும் குடும்பங்கள் வைத்தியர் முகத்தையே காணாதிருந்த காலத்தில், ஜான் பிளின் என்னும் பாதிரியார் 1928ஆம் ஆண்டு மே மாதம் குளோன்கரி நகரிலிருந்து விமான வைத்தியத் தொண்டினைத் தொடங்கினார். விமானம் உண்டு, அதனை அழைப்பது எங்ஙனம்? அதற்காக ஆல்பிரட் டிரேகர் என்பார், சைக்கிள் மிதிப்பதுபோற் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலிக் கருவியைச் செய்து, 1929 முதல் அவ்வீடுகளிற் கொண்டு வைத்தார். பின்னர் 1942இல் மருந்துப் பெட்டிகளும் வந்தன. மருந்தின் பெயரைச் சொல்லிக் குழம்பாதபடி ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் இடப்பட்டிருந்தது. வைத்தியர் வானொலியில் எண்ணைச் சொல்ல, வீட்டிலுள்ளார் அப்புட்டியை எடுத்துக் கொடுப்பர். எண்களைப் படிக்கத் தெரிந்த இல்லத்தலைவியே ஆண்டு உழைச்செல்வான் ஆயினள்.

இனி, பயனை அளந்து பார்த்த ஒரு முயற்சியைக் காண்போம். இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கி, கார்ன்வால், கென்ட், நியூஹாம் என்னும் மூன்றிடங்களில், நீரிழிவும் இருதயத் தளர்ச்சியும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உடையார் 3,230 பேரை இரு கூறாக்கி ஆராய்ந்தனர். ஒரு கூற்றார்க்கு வழக்கமான வைத்தியம். மற்றைக் கூற்றார்க்கு அவ்வைத்தியத்தோடு, இரத்த அழுத்தம், உடல் எடை, சர்க்கரை முதலியவற்றை இல்லத்திலேயே அளந்து தொலைவிலுள்ள செவிலியர்க்கு அனுப்பும் கருவிகளும் தரப்பட்டன. ஓராண்டில் முன்னவருள் நூற்றுக்கு 8.3 பேர் இறக்க, கருவி பெற்றாருள் 4.6 பேரே இறந்தனர் என்று 2012இல் வெளியான அறிக்கை கூறிற்று. இதனைக் கேட்டு மகிழாதார் யார்? ஆனால் அடுத்த ஆண்டிற் கணக்குப் பார்த்தோர் வேறு செய்தி சொன்னார்கள். முழு நலத்தோடு கூடிய ஓராண்டு வாழ்வை இம்முறையாற் பெறுதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 92,000 பவுன் என்று கண்டனர். அந்நாட்டில் அக்காலத்துத் தக்கதெனக் கொள்ளப்பட்ட எல்லை 30,000 பவுனே. உயிர்க்கு நன்மை, பணத்திற்கு நட்டம் என்னும்படி ஆயிற்று.

இம்முடிவைக் கொண்டு தொலைமருத்துவமே வீண்செலவு என்று தள்ளுவாரோடு நாம் உடன்படோம். ஆங்கு வைத்தியரும் செவிலியரும் முன்னரே அணித்தாக உளர்; உள்ளதன்மேற் புதிய கருவி ஏற்றப்பட்டமையின் செலவு கூடிற்று. ஏதும் இல்லாத இடத்தில் அதே கணக்கு வேறு விடை தரும். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் மதுரையே போதும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976ஆம் ஆண்டு டாக்டர் வேங்கடசாமி அவர்களால் 11 படுக்கைகளோடு தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் சென்று இலவச முகாம்கள் நடத்தியும், கண்ணிற் குறையுள்ள கிராமத்தாருள் நூற்றுக்கு ஏழு பேரளவிலேயே முகாமிற்கு வந்தனர் என்பது 1999இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் தெரியவந்தது. முகாமோ இலவசம், எனினும் வரவில்லை! ஏன்? களையெடுப்புக் காலத்தில் ஒரு நாட்கூலியை இழக்க யார் துணிவர்? கண் மங்கிய கிழவியைத் தனியே அனுப்புதலும் இயலாது. உடன் செல்லும் மகனுக்கும் அன்று கூலியில்லை. பேருந்துக் கட்டணம் இருவர்க்கு. வழியில் உணவு வேறு. இச்செலவு எம்மருத்துவமனையின் கணக்கேட்டிலும் ஏறாது. ஆயினும் அக்கிழவியின் பார்வையைப் பறிப்பது இதுவே.

ஆகவே 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் அமைக்கத் தலைப்பட்டனர். இன்று அவை நூற்றுக்கு மேற்பட்டன. ஆண்டு வைத்தியர் இரார். கிராமத்துக் குடும்பங்களினின்று தேர்ந்து, இரண்டாண்டு பயிற்றப்பெற்ற பெண்கள் இருப்பர். அவர்களே கண்ணைச் சோதித்து, குறிப்பெழுதி, படமெடுத்து அனுப்ப, தலைமை மருத்துவமனையிலுள்ள வைத்தியர் நோயாளியோடு காணொளியிற் பேசி முடிவு சொல்வர். கண்ணாடி போதுமெனின் ஆங்கே தரப்படும். அறுவை வேண்டுவார் மாத்திரமே பயணம் செய்வர். நீரிழிவால் விழித்திரை கெடுவது தொடக்கத்தில் வலியுமின்றி மங்கலுமின்றி நிகழ்வது. அதனை நோயாளி தாமே அறியார். உள்விழிப் படமொன்று காட்டிக்கொடுக்கும். பார்த்தறியும் உறுப்பாதலின் கண் இம்முறைக்கு மிகவும் இசைந்தது எனலாம்.

எல்லா நோயும் அத்தகையன அல்ல. வயிற்றை அழுத்திப் பாராமல் வயிற்றுவலியின் காரணத்தை எங்ஙனம் துணிவது? கைப்பேசியின்முன் நாவை நீட்டிக் காட்டி மருந்துச்சீட்டுப் பெறும் நம் நண்பர்கள் இதனைச் சற்றே எண்ணுதல் நன்று. இந்திய அரசினர் 2020 மார்ச் 25இல் வெளியிட்ட நெறிமுறைகளும், நோயாளி நேரில் வருதல் வேண்டுமா என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும் என்கின்றன.

அரசினரின் இ-சஞ்சீவனி என்னும் ஏற்பாடு இரு வகையாக நடைபெறுகின்றது. 2019 நவம்பரில் தொடங்கியதில், கிராம நல மையத்துப் பணியாளர் நோயாளியின் பக்கத்திலிருந்து வைத்தியரோடு பேசுவர். பெருந்தொற்றுக் காலமாகிய 2020 ஏப்ரலில் வந்ததில், நோயாளி வீட்டிலிருந்து தாமே பேசுவர். பின்னது எளிது, செலவும் குறைவு. பழைய சீட்டைப் புதுப்பிக்கவும் சிறு ஐயங்களைக் கேட்கவும் போதும். முன்னதிலோ நாடி பார்க்கவும், இரத்த அழுத்தம் அளக்கவும், வைத்தியர் சொன்னதை மீண்டும் ஊர்ப்பேச்சில் எடுத்துரைக்கவும் ஒருவர் உளர். அவர்க்குக் கொடுக்கும் சம்பளமே இம்முறையின் பெருஞ்செலவு என்று கணக்கர் எழுதக்கூடும். அவ்வேட்டின் எதிர்ப்பக்கத்தில், கிழவியும் மகனும் இழவாத இரு நாட்கூலியை எழுதுவார் எவரையும் நாம் இன்னும் கண்டிலோம்.