பனியில் வாழும் பூச்சியுண்ணிகள்

பூச்சியுண்ணும் செடிகள் என்றாலே வெப்பமண்டலக் காடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஊதா சர்ரசீனியா கனடாவின் உறைபனிச் சதுப்புகளில் இயல்பாகவே வளர்கிறது. நியூஃபவுண்ட்லாந்து–லாப்ரடார் மாகாணத்தின் அடையாள மலரும் அதுவே. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களுக்குரிய வீனஸ் ஃபிளைட்ராப்புக்கும் 3 அல்லது 4 மாதக் குளிர்கால உறக்கம் தேவை. அது கிடைக்காத செடி நாளடைவில் நலிந்துவிடும்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் குளிரைவிடக் கொடியது உலர்காற்று. மண் உறைந்துவிட்டால் வேரால் நீர் உறிஞ்ச முடியாது. காற்றோ இலையின் ஈரத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும். தொட்டிச் செடி என்றால் பக்கவாட்டிலும் குளிர் தாக்கும். அதனால் தொட்டியைத் தரையில் புதைத்து, மேலே பைன் மரத்தின் ஊசியிலைகளைக் கனமாகப் பரப்புவார்கள். அதன்மேல் பனி கொட்டினால் கவலையில்லை, கம்பளிபோல் காக்கும். வசந்தம் தொடங்கியதும் மூடாக்கை விலக்கிவிட வேண்டும். தாமதித்தால் பூஞ்சை பிடிக்கும்.

மண்கலவைக்கு பீட் பாசியும் பெர்லைட்டும் போதும். வேருக்கு உரம் வேண்டவே வேண்டாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தானே இவை பூச்சி பிடிக்கின்றன! குழாய்நீரில் உள்ள உப்புகள் வேரை மெல்லக் கெடுக்கும். மழைநீரைப் பிடித்து ஊற்றுவதே நல்லது.