மின்விளையாட்டும் மாணவர் உலகமும்

விளையாட்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன திடலும் பந்தும் வியர்வையுமே. செராஸ் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கோலாலம்பூர் பூப்பந்து அரங்கமும், சற்றுத் தொலைவிலுள்ள புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டு வளாகமும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் நம்மவர் பால்மரம் சீவிய தோட்டமாக இருந்ததே புக்கிட் ஜாலில். 1998ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக அங்கு எழுந்த உள்ளரங்கில், 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புதுமையான போட்டி ஒன்று நடந்தேறியது. வீரர்கள் ஓடவில்லை, தாண்டவில்லை, கணினியின் முன் அமர்ந்தவாறே மோதினர். மொத்தப் பரிசோ 10 இலட்சம் அமெரிக்க டாலர்! 'டோட்டா 2' என்னும் கணினி விளையாட்டுக்காக நடைபெற்ற 'கோலாலம்பூர் மேஜர்' போட்டியே அது.

இவ்வாறு கணினியிலோ கைப்பேசியிலோ, விதிமுறைகளுக்கு உட்பட்டு, நடுவர் முன்னிலையில் நடைபெறும் போட்டிகளையே மின்விளையாட்டு என்கிறோம். அது எவ்வாறு வளர்ந்தது? அதனால் நம் பிள்ளைகளுக்கு விளைவது நன்மையா, தீமையா? சற்று ஆராய்வோமாக.

1972ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டில் ஒரு சிறு போட்டி நடைபெற்றது. வெற்றிக்குப் பரிசு ஒரு சஞ்சிகையின் ஓராண்டுச் சந்தாவே! 1980ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் நடத்திய போட்டியில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பின்னர், விரைவான இணைய வசதி பெருகிய தென்கொரியாவில், கணினிக் கடைகளில் கூடிய இளைஞர்கள் இதனைப் பெரும் போட்டியாகவே வளர்த்தனர். 2000ஆம் ஆண்டில் அங்கு இதற்கெனத் தனிச் சங்கமே தோன்றியது. தொலைக்காட்சியிலும் ஆட்டங்கள் ஒளிபரப்பாயின.

'டோட்டா 2' விளையாட்டின் உலகப் போட்டி 2011ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியபோது மொத்தப் பரிசு 16 இலட்சம் டாலர். 2021ஆம் ஆண்டில் அது 4 கோடி டாலரைக் கடந்தது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? விளையாட்டுக்குள் விற்கப்படும் அலங்காரப் பொருள்களை இரசிகர்கள் வாங்கினர். அவ்விற்பனையில் நான்கில் ஒரு பங்கு பரிசில் சேர்ந்தது. ஆக, பரிசின் பெரும்பகுதி இரசிகரின் சட்டைப்பையிலிருந்தே வந்தது. விற்பனை முறையை நிறுவனம் மாற்றியதும், 2023ஆம் ஆண்டில் அப்பரிசு ஏறத்தாழ 30 இலட்சம் டாலராகச் சுருங்கிவிட்டது.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் மலேசியாவின் 'ஆரஞ்சு' அணி மூன்றாம் இடம் பெற்றது. 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் மின்விளையாட்டுக்கென ஒரு கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அதே ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' அணி 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்னும் கைப்பேசி விளையாட்டில் வாகை சூடியது. இவ்விளையாட்டில் அணிக்கு ஐவர். எதிரணியின் கோட்டையை முதலில் தகர்ப்பவருக்கே வெற்றி. ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் பிலிப்பைன்ஸ் அணியை 4க்கு 3 என்ற கணக்கில் வென்று, 10 இலட்சம் டாலர் பரிசினை அது தட்டிச் சென்றது. ஈராட்டங்களின் வெற்றி தோல்வி மாறியிருந்தால் கோப்பை கைநழுவியிருக்கும் என்று கூறவும் தேவையில்லை. ஓர் ஆட்டம் மாறியிருந்தாலே போதும்!

மாணவச் செல்வங்களே! இச்செய்திகளைப் படித்ததும், "நானும் நாள்தோறும் விளையாடுகிறேனே, நானும் வீரன்தானே?" என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். தெருவில் பந்தடிப்பவர் அனைவரும் தேசிய ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லையன்றோ? போட்டி அணிக்குப் பயிற்றுநர் உண்டு. கால அட்டவணை உண்டு. முடிந்த ஆட்டங்களை மீண்டும் பார்த்துப் பிழைகளைத் திருத்திக்கொள்வதும், தோழர்களோடு சினமின்றிப் பேசி ஒத்துழைப்பதும் பயிற்சியின் பகுதிகளே. போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்து நள்ளிரவு வரை விளையாடுவது பயிற்சியன்று, பழக்கத்திற்கு அடிமையாவதேயாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் இதனை எச்சரித்துள்ளது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, படிப்பையும் பிற கடமைகளையும் விட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் விடாது தொடர்தல் ஆகியவை நெடுநாள் நீடித்தால் அது ஒரு நோய் என 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அதன் நோய்ப் பட்டியல் கூறுகிறது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ!

மற்றொன்றையும் மறத்தலாகாது. கபடிக்கும் காற்பந்துக்கும் உரிமையாளர் எவருமில்லை. ஒரு கோடு கிழித்தால் எவரும் ஆடலாம். மின்விளையாட்டோ ஒரு நிறுவனத்தின் உடைமை. அது நினைத்தால் விதியை மாற்றலாம்; விளையாட்டையே நிறுத்திவிடலாம். ஆகவே, ஒரே விளையாட்டை நம்பிப் பள்ளிப்படிப்பைக் கைவிடுவது, பிறர் நிலத்தில் வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். ஆனால், ஆட்டத்தை உருவாக்கும் கணினி வல்லுநர், ஓவியர், நேர்முக வருணனையாளர், நடுவர் எனப் பலருக்கும் இத்துறையில் வேலை உண்டு. அவ்வேலைகளுக்கு வழிகாட்டுவன கணிதமும் அறிவியலும் மொழிப்புலமையுமே.

பெற்றோர்களே! விடியுமுன் எழுந்து தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் சென்று உழைக்கும் நீங்கள், களைத்து வீடு திரும்பும் வேளையில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுவது இயல்பே. எனினும், விளையாடும் நேரத்தை முன்கூட்டியே வரையறுங்கள். படுக்கையறையில் அன்றி, வீட்டின் முன்கூடத்தில் விளையாடச் செய்யுங்கள். உங்கள் அனுமதியின்றி எப்பொருளையும் வாங்க இயலாதவாறு கைப்பேசியை அமைத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த பணம் ஒரு விரல் தொடுதலில் கரைந்துவிடக் கூடும். யாருடன் விளையாடுகிறாய் என்று அன்போடு கேளுங்கள். பிள்ளையின் அருகமர்ந்து ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். அதட்டலால் ஆகாததை அது சாதிக்கும்.

காலம் கொணரும் புதுமையை வெறுத்தலும் வேண்டா. அதில் மூழ்கிப் போதலும் வேண்டா. மாலையில் திடலில் ஓடியாடி, பாடங்களை முடித்து, எஞ்சிய சிறுபொழுதில் கைப்பேசியைத் தொடும் மாணவனே விளையாட்டை ஆள்பவன். மற்றவனையோ விளையாட்டே ஆள்கிறது. ஆளும் மாணவராய் நாம் வளர்வோமாக!